பண்டித ரமாபாய் அம்மையார்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புனேயிலிருந்து ஊருக்குப் புறப்படும் நம் சங்கத்து நண்பர்கள் கேட்காவ் என்னும் சிறு புகைவண்டி நிலையத்தைக் கடந்துதான் செல்கிறார்கள். தௌண்டுக்கு முன்னால் வருவது அது. பெரும்பாலும் நாம் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, இடம் பிடித்த களிப்பில் பேசிக்கொண்டோ உறங்கிக்கொண்டோ அதைக் கடந்துவிடுகிறோம். நானும் இரண்டாண்டுகள் அப்படித்தான் கடந்தேன். அந்த ஊரில் 1900-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ இரண்டாயிரம் பெண்களும் குழந்தைகளும் ஒரே நிலையத்தில் உண்டு, உடுத்து, படித்து வாழ்ந்தார்கள் என்பதையும், அந்நிலையத்தை நிறுவியவர் ஒரு கைம்பெண் என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். அவரே பண்டித ரமாபாய்.

வேதியியல் படிக்கும் எனக்கு வரலாற்றில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. என் பாட்டிக்கு ஓர் அத்தை இருந்தார். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர். 1926-ஆம் ஆண்டில், பதினோராவது வயதில், கணவன் முகம் சரியாக நினைவில் பதியும் முன்பே கைம்பெண்ணானார். தலை மழித்து, நார்மடி உடுத்தி, மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வீட்டின் அடுக்களையில் வாழ்ந்தார். எழுத்து அறியார். குடும்பத்தில் எல்லோரும் அவரை அன்பாகத்தான் நடத்தினார்கள் என்று பாட்டி எப்பொழுதும் சொல்வார். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருப்பார். அந்த அத்தைக்கு வேறு வழியே இல்லையா என்று கேட்கத் தொடங்கியதால்தான் ரமாபாயின் வரலாற்றிடம் வந்து சேர்ந்தேன்.

ரமாபாய் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னும் காட்டிடத்தில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே பெரும் வடமொழி அறிஞர். இளமையில் அவர் புனேயில் பயின்றபோது, அவருடைய ஆசிரியர் பேஷ்வாவின் அரண்மனைக்குச் சென்று அரசிக்கு வடமொழி கற்பித்து வந்தார். பெண்ணொருத்தி வடமொழிச் செய்யுள் ஓதுவதை அங்கே கேட்ட இளைஞர் வியந்து, தம் மனைவிக்கும் கற்பிக்க வேண்டுமென்று உறுதிகொண்டார். முதல் மனைவியிடம் அது கைகூடவில்லை. அவர் இறந்தபின், நாற்பத்து நான்கு வயதில், ஒன்பது வயதுச் சிறுமியான லட்சுமிபாயை மணந்தார். அந்தத் திருமணம் நடந்த விதத்தை இன்று படித்தால் நமக்கு நெஞ்சம் பதறும். கோதாவரியில் நீராட வந்த ஒரு தந்தை அவரைக் கண்டு பேசித் தம் மகளைக் கொடுத்துவிட்டார்! ஆயினும் அந்தச் சிறுமிக்கு அவர் கற்பித்தார். ஊரார் எதிர்த்தனர். உடுப்பியில் கூடிய பண்டிதர் அவையின் முன் நின்று, பெண்கள் வடமொழி கற்பதற்குச் சாத்திரத்தில் தடையில்லை என்று வாதிட வேண்டியிருந்தது. அதன் பின்னர் காட்டிலே வீடு கட்டிக்கொண்டு அங்கேயே மனைவிக்கும் மாணவர்க்கும் பாடம் சொன்னார்.

ரமாபாய்க்கு ஆறு மாதம் நிரம்பியபோது குடும்பம் தீர்த்த யாத்திரை கிளம்பியது. குழந்தையைப் பிரம்புப் பெட்டி ஒன்றில் வைத்து மலையிலிருந்து கீழே கொண்டுவந்தார்கள். அன்று தொடங்கிய நடை இருபதாண்டுகள் ஓயவில்லை. கோயில் மண்டபங்களில் புராணம் படித்து, கேட்போர் தரும் அரிசியும் காசும் கொண்டு பிழைக்கும் வாழ்க்கை. எட்டாம் வயது முதல் பதினைந்தாம் வயது வரை தாயே ஆசிரியை. பொழுது புலரும் முன் மகளை எழுப்பி மடியில் வைத்துச் சுலோகங்களைச் சொல்லச் செய்வார். பாகவதத்தின் பதினெண்ணாயிரம் சுலோகங்கள் இவ்வாறு மனப்பாடமாயின. ஒன்பது வயதில் மணமாகி வந்த அந்தத் தாயை நம் நாட்டுக் கல்வி வரலாற்று நூல்கள் கண்டுகொள்ளாதது எனக்கு வருத்தமே.

1874-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் அலைந்துகொண்டிருந்தபோது பஞ்சம் அக்குடும்பத்தை விழுங்கியது. தந்தை, தாய், தமக்கை என மூவரும் அடுத்தடுத்து மாண்டனர். ரமாபாயும் தமையன் சீனிவாசனும் எஞ்சினர். இருவரும் வடக்கு நோக்கி நடந்தனர். ஆயிரக்கணக்கான மைல் நடை. காட்டுப் பழங்களைக் கொட்டையோடு தின்ற நாட்கள் உண்டு. ஜீலம் ஆற்றங்கரையில் குளிர் தாங்க முடியாமல் மணலில் குழி தோண்டிப் படுத்து, மேலே மணலை இழுத்து மூடிக்கொண்ட இரவும் உண்டு. இவற்றைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

1878-இல் கல்கத்தா சேர்ந்தனர். இருபது வயதுப் பெண் வடமொழியில் சரளமாகப் பேசக் கேட்ட அந்நகரத்து அறிஞர்கள் பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் சூட்டினார்கள். கேசவ சந்திர சென் வேத நூற்படி ஒன்றை அவர் கையில் கொடுத்தார். பெண் வேதத்தைத் தொடலாமா என்று அவரே தயங்கினாராம். பின்னர் படித்தார். படிக்கப் படிக்க அவருடைய பழைய நம்பிக்கைகள் தளர்ந்தன.

1880-இல் தமையன் டாக்காவில் இறந்தான். அதே ஆண்டு, தம் சாதியும் மொழியும் சாராத விபின் பிகாரி தாஸ் என்னும் வங்காள வழக்கறிஞரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அஸ்ஸாமில் சில்சாரில் வாழ்ந்தார். 1881-இல் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் விபின் பிகாரி வாந்திபேதியில் மாண்டார். இல்லறம் இரண்டாண்டுகூட நீடிக்கவில்லை. இருபத்து நான்கு வயது நிறையும் முன்னரே, கைக்குழந்தையோடு, உற்றார் எவருமின்றி நின்றார். நம் வகுப்பில் பலருக்கு அந்த வயதுதான்.

அவர் புனேக்கு வந்தார். 1882-இல் ஆரிய மகிளா சமாஜம் என்னும் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். பெண்கள் கூடிப் பேசுவது, குழந்தை மணத்தை எதிர்ப்பது, பெண்கல்வியைப் பரப்புவது ஆகியன அதன் நோக்கங்கள். மேற்கு இந்திய நகரங்கள் சிலவற்றில் கிளைகளும் எழுந்தன. அதே ஆண்டு கல்வி பற்றி ஆராய வந்த ஹண்டர் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பெண்பள்ளிகளுக்குப் பெண் ஆசிரியரும் பெண் ஆய்வாளரும் வேண்டும். ஆண் மருத்துவரிடம் தம் நோயைச் சொல்லக் கூசியே பல பெண்கள் சாகின்றனர், ஆகையால் பெண்கள் மருத்துவம் படிக்க வழி செய்ய வேண்டும் என்பவை அவர் கேட்டவை.

மருத்துவம் பயிலத் தாமே முனைந்தார். தாம் எழுதிய மராத்தி நூலின் விற்பனைப் பணத்தைக் கொண்டு 1883-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கே செவிப்புலன் குன்றியதால் மருத்துவக் கல்வி கைகூடாமற் போயிற்று. அறிவியல் மாணவன் என்ற முறையில் இந்த இடத்தில் சற்று நின்றுவிட்டேன். செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் வடமொழி கற்பித்துக்கொண்டே கணிதமும் அறிவியலும் ஆங்கிலமும் படித்தார்.

1883 செப்டம்பர் 29-ஆம் நாள் அவரும் மகளும் ஞானஸ்நானம் பெற்றுக் கிறித்தவராயினர். இச்செய்தி இந்தியாவில் புயலைக் கிளப்பியது. ஆனால் மதம் மாறிய பெண் மாதாகோயில் பெரியவர்களுக்கு அடங்கி நடந்துவிட்டார் என்று எண்ணினால் அது பெரும்பிழை. தாம் அணியும் சிலுவையில் இலத்தீன் சொற்கள் எதற்கு, வடமொழிச் சொற்கள் இருக்கட்டும் என்று கேட்டார். இறைச்சி உண்ண மறுத்தார். ஆங்கில இளைஞர்களுக்கு அவர் பாடம் சொல்லலாமா என்ற பேச்சு எழுந்தபோது, அவ்வாறு செய்தால் இந்தியாவில் அவர் மதிப்புக் குறையும் என்று பிஷப்புமார்கள் தடுத்தனர். அவர் சீறினார். இந்தியாவில் ஆண்கள் நிறைந்த அவைகளில் பேசியவருக்கு இங்கிலாந்தில் தடையா என்பது அவர் வாதம். பண்டிதர் அவையின் முன் நின்று வாதாடியவரின் மகள் அல்லவா!

1886-இல் அமெரிக்கா சென்றார். உறவுப் பெண்ணான ஆனந்திபாய் ஜோஷி, பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெறுவதைக் காணச் சென்ற பயணம் அது. பட்டம் பெற்ற ஆனந்திபாய் மறு ஆண்டே இருபத்தொரு வயதில் மறைந்தார். ரமாபாய் அமெரிக்காவில் இரண்டாண்டுகளுக்கு மேல் தங்கி, ஊர் ஊராகச் சென்று இந்தியக் கைம்பெண்களின் நிலையைப் பேசினார். குழந்தைகளுக்குக் கற்பிக்கும் கிண்டர்கார்ட்டன் முறையைப் பயின்றார். உயர்சாதி இந்துப் பெண்ணைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1887-இல் அங்கே வெளிவந்தது. அந்நாட்டுப் பெண்கள் சங்கம் அமைத்துத் தலைவியைத் தேர்ந்து, பணம் திரட்டி, கணக்கு வைத்து, மதுவை எதிர்த்தும் கல்வியைப் பரப்பியும் உழைப்பதை நுணுகிக் கண்டு, தம் மராத்திப் பயண நூலில் விரிவாக எழுதினார். பேசிக் கலையும் சங்கத்தால் மட்டும் பயனில்லை, தங்கும் வீடு வேண்டும் என்பது அவருக்கு அப்போது தெளிவாகியிருந்தது என்று நினைக்கிறேன். பாஸ்டன் நகரில் ரமாபாய் சங்கம் ஏற்பட்டு, பத்தாண்டுகளுக்குப் பொருளுதவி செய்ய உறுதி தந்தது. அந்த வீட்டில் மதப் பிரசாரம் கூடாது என்பது ஒப்பந்தம்.

1889 மார்ச் 11-ஆம் நாள் பம்பாய் சௌபாத்தியில் சாரதா சதனம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் இரண்டே மாணவியர். அவர்களுள் ஒருவர் கோதுபாய் என்னும் இளங் கைம்பெண். இந்துப் பெண்கள் தத்தம் ஆசாரப்படி சமைத்து உண்ணவும் வழிபடவும் வசதி இருந்தது. ரானடே, பண்டார்க்கர் போன்ற சீர்திருத்தத் தலைவர்கள் ஆலோசனைக் குழுவில் இருந்தனர். அவ்வாண்டின் இறுதியில் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு வந்த பெண் பிரதிநிதிகளுள் ரமாபாயும் ஒருவர். அதையொட்டி நடந்த சமூக மாநாட்டில் அவர் பேசியது கைம்பெண்களின் தலையை மழிக்கும் வழக்கத்தை எதிர்த்து. இதைப் படித்தபோது என் பாட்டியின் அத்தை நினைவுக்கு வந்தார். அந்தப் பேச்சுக்கு முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, தஞ்சை மாவட்டத்தில் ஒரு நாவிதர் அவர் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு அழைக்கப்பட்டார்.

1890-இல் சதனம் புனேக்கு மாறியது. சிறுமியர் பெருகினர். மழித்த தலையில் முடி வளர்ந்தது. படித்தார்கள், பந்தாடினார்கள், தோட்டத்தில் மலர் பறித்துச் சூடினார்கள். கைம்பெண் மலர் சூடுவதா என்று ஊர் வெகுண்டது. இன்னொரு குற்றச்சாட்டும் எழுந்தது. ரமாபாய் தம் அறையில் மகளோடு காலை வழிபாடு செய்யும்போது கதவு திறந்தே இருக்கும். விரும்பிய மாணவியர் வந்து உட்காருவர். சிலர் கிறித்தவத்தில் நாட்டம் கொண்டனர். திலகரின் கேசரி கடுமையாகத் தாக்கியது. 1893-இல் ரானடேயும் பண்டார்க்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். ஏறத்தாழ இருபத்தைந்து பெண்களை அவர்களுடைய வீட்டார் வந்து அழைத்துச் சென்றனர்.

இதில் யார் பக்கம் நியாயம்? நம் விடுதியில் இதைப் பற்றி ஒரு நாள் இரவு வெகுநேரம் வாதாடினோம். ரமாபாயிடம் பிழையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தாயில்லாத சிறுமிக்குத் தாயாக இருப்பவர் தம் அறைக் கதவைத் திறந்து வைத்தால், அது வெறும் கதவு அன்று. தாம் எவரையும் வற்புறுத்தவில்லை என்று அவர் கருதியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அன்பே ஒரு வற்புறுத்தல் ஆகக்கூடும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. மறுபக்கம், பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்களை நோக்கி ஒரு கேள்வி கேட்க வேண்டும். எங்கே அழைத்துச் சென்றீர்கள்? அன்று புனேயில் அவர்களுக்கு வேறு இல்லம் இருந்ததா? இல்லை. திரும்பிச் சென்ற இடம் அதே அடுக்களை. சமயத்தைக் காத்தோம் என்று இரு தரப்பாரும் பேசினார்கள். அந்த இருபத்தைந்து பெண்களின் கருத்தைக் கேட்டு அச்சிட்ட பத்திரிகை எதையும் நான் காணவில்லை.

ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் விட முடியாது. முதல் மாணவி கோதுபாய் மதம் மாறவில்லை. அதே 1893-இல் தோண்டோ கேசவ கார்வேயை மறுமணம் செய்துகொண்டு ஆனந்திபாய் கார்வே ஆனார். கார்வே 1896-இல் இந்துக் கைம்பெண்களுக்கென்று புனேயில் இல்லம் தொடங்கினார். 1916-இல் அவர் நிறுவியதே இந்தியாவின் முதல் மகளிர் பல்கலைக்கழகம். சாரதா சதனத்தைத் திட்டியவர்கள் பலர்; அதைப் போல இன்னொன்று கட்டியவர் கார்வே. பிந்தியதே சரியான மறுமொழி என்பது என் கட்சி.

1896-97-இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தது. பெற்றோரைப் பஞ்சத்தில் பறிகொடுத்தவர் சும்மா இருப்பாரா? தாமே புறப்பட்டுச் சென்று, ஆதரவற்ற சிறுமியரைப் பொறுக்கியெடுத்து அழைத்துவந்தார். இம்முறை சாதி பார்க்கவில்லை. அப்போது புனேயில் பிளேக் நோய் பரவியிருந்ததால் கூட்டத்தை ஊருக்குள் வைத்திருக்க இயலவில்லை. பாஸ்டன் உதவி முடிந்த பிறகு பயன்படட்டும் என்று கேட்காவில் முன்னரே நூறு ஏக்கர் நிலம் வாங்கிப் பழமரம் வைத்திருந்தார். அங்கே கொட்டகை போட்டுக் குடியேற்றினார். முக்தி சதனம் பிறந்தது இவ்வாறே. பிளேக் முகாமில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் கவர்னரின் மறுப்பையும் அவர் வாங்கிக்கொண்டது இந்நாட்களில்தான். ஆட்சியாளர் தம் மதத்தவர் என்பதற்காக அவர் வாய் மூடவில்லை.

1900-இல் குஜராத்துப் பஞ்சம். தொகை இரண்டாயிரத்தை நெருங்கியது. கிணறுகள் வெட்டினார்கள். நெசவு, தையல், எண்ணெய்ச் செக்கு, பால் பண்ணை, ரொட்டி சுடுதல், சலவை, அச்சுக்கூடம் என ஒவ்வொன்றையும் பெண்களே நடத்தினார்கள். பார்வையற்ற பெண்கள் பிரெயில் எழுத்து கற்றார்கள். ஏமாற்றப்பட்டுத் தெருவில் நின்ற பெண்களுக்குக் கிருபா சதனம் என்று தனி இல்லம். நிலையம் இப்போது முழுக்கக் கிறித்தவ நிலையமாகிவிட்டது. பாஸ்டன் ஒப்பந்தக் காலத்து நடுநிலை போய்விட்டது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. வயிற்றுக்குச் சோறும் கைக்குத் தொழிலும் பெற்ற இரண்டாயிரம் பேரையும் மறைக்க விரும்பவில்லை.

சென்னையில் 1912-இல் சகோதரி சுப்புலட்சுமி இளம் கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்துப் படிக்க வைத்தார் என்பதை நம்மில் பலர் அறிவோம். அவரும் குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணானவர். ஆகவே என் பாட்டியின் அத்தைக்கு 1926-இல் வழி இருந்தது. தஞ்சையிலிருந்து சென்னைக்கு ஓர் இரவுப் பயணம். அவருடைய தந்தைக்கு அவ்வில்லத்தைப் பற்றித் தெரிந்தும் இருந்ததாம். அங்கே போனால் பெண் கெட்டுவிடுவாள், ஆசாரம் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அனுப்பவில்லை. முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் புனேயில் பேசிய பேச்சுத்தான் அது. சுப்புலட்சுமி ஆசாரம் தவறாத இந்து என்பதுகூட அந்த அச்சத்தைப் போக்கவில்லை. இல்லம் இருந்தும் வாசல் தாண்ட விடவில்லை.

ரமாபாயின் கடைசி ஆண்டுகள் ஒரே வேலையில் கழிந்தன. எளிய பெண்களுக்கும் விளங்கும் மராத்தியில் விவிலியத்தை மொழிபெயர்க்க விரும்பி, வயதான காலத்தில் ஈபுரு மொழியும் கிரேக்கமும் கற்றார். எழுத்துக் கோத்தவர்களும் அச்சிட்டவர்களும் முக்திப் பெண்களே. மகள் மனோரமா சாரதா சதனப் பள்ளியைப் பொறுப்பேற்று நடத்தினார். 1912-இல் குல்பர்காவிலும் பெண்களுக்குப் பள்ளி தொடங்க முன்னின்றார். தாய்க்குப் பின் எல்லாம் மனோரமா என்று இருந்த நிலையில், 1921 ஜூலையில் தாய்க்கு முன்பே அவர் மறைந்தார். ரமாபாய் மொழிபெயர்ப்பை விடவில்லை. அதை முடித்தபின், 1922 ஏப்ரல் 5-ஆம் நாள், கேட்காவில் காலமானார். நூல் அவர் மறைவுக்குப் பின்னர் வெளிவந்தது. இந்திய அரசு 1989-இல் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

முக்தி நிலையம் இன்றும் கேட்காவில் நடைபெறுகிறது. சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறன்று நண்பர் ஒருவரும் நானும் தௌண்டுப் பாசஞ்சரில் ஏறி அங்கே இறங்கினோம். திரும்பி வந்ததும் பாட்டிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, அங்கே சேர எத்தனை வயது இருக்க வேண்டும் என்று விசாரித்தார்.